பாஸும் கூலியும்: ஒரு சொற்பட்டியலை வாசித்தல்

அண்ணன் மகள் டச்சு படித்துக்கொண்டிருக்கிறாள். செஞ்சியில், கிருஷ்ணகிரி மலை நேராகத் தெரிகிற எங்கள் வீட்டு மொட்டைமாடியில், செல்போனை ஒரு செங்கல்லின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு. நர்சிங் முடித்தவள். நெதர்லாந்தில் நர்ஸாக வேலை பார்க்க வேண்டுமென்றால் அந்த ஊர் மொழியில் நோயாளியோடு பேசத் தெரிந்திருக்க வேண்டுமாம். சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு மணிநேரம் சத்தம்போட்டுப் படிப்பாள். டச்சில் பாதி எழுத்து தொண்டையில்தான் பிறக்கிறது. பக்கத்து வீட்டுக் கிழவி சளி பிடித்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

மூன்றாவது பாடம் தொழில்கள். ஜெராக்ஸ் எடுத்த தாளை என்னிடம் கொடுத்து, ஒப்பிக்கிறேன் பாரு என்றாள். பாக்கர் என்றால் ரொட்டி சுடுபவர். லேரார், ஆசிரியர். பூர், விவசாயி. டிம்மர்மன், தச்சர். கப்பர், முடிதிருத்துபவர். ஸ்ஹோன்மாக்கர், துப்புரவு செய்பவர். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு படம். ஒவ்வொரு படத்திலும் ஒருவர் தன் தொழிலுக்குரிய உடுப்பும் கருவியுமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். ரொட்டி சுடுபவரின் சிரிப்புக்கும் கக்கூஸ் கழுவுபவரின் சிரிப்புக்கும் வித்தியாசம் கிடையாது. எல்லாப் படமும் ஒரே அளவு.

பாடத்தின் கீழே பயிற்சி. உன் அப்பா என்ன வேலை செய்கிறார்? அண்ணன் லாரி ஓட்டுகிறான்; அதற்கு டச்சில் ஒரு முழ நீளத்துக்கு ஒரு சொல் இருக்கிறது, எழுதினாள். அம்மா? அண்ணி சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறாள். அதற்கும் சொல் இருந்தது. அடுத்த கேள்வி: உன் 'ஓப்பா' என்ன வேலை செய்தார்? ஓப்பா என்றால் தாத்தா.

பேனா நின்றுவிட்டது. என் அப்பா இந்த வட்டாரத்து ஊர் ஒன்றில் வெட்டியானாக இருந்தவர்.

'வெட்டியானுக்கு டச்சுல என்ன சித்தப்பா?'

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. பதில் எனக்குத் தெரியாது என்பதால் அல்ல. தெரிந்துகொள்ளப் போனபோது பதில் அதிகமாக இருந்ததால்.

பிணத்துக்குக் குழி வெட்டுபவருக்கு டச்சில் ஒரு சொல் உண்டு. தெருவில் தண்டோரா போட்டு அறிவிப்பவருக்கு வேறொரு சொல். சேதி கொண்டுபோகிறவருக்கு ஒன்று. ஏரி மதகைத் திறந்து நீர் பாய்ச்சுபவருக்கு, களத்துமேட்டில் காவல் கிடப்பவருக்கு, செத்த மாட்டை இழுத்துப்போய் அறுப்பவருக்குத் தனித்தனியே ஒவ்வொன்று. இத்தனை வேலையையும் என் அப்பா செய்தார். அவரை அழைக்க ஊருக்கு ஒரே சொல் போதுமானதாக இருந்தது. அந்தச் சொல்லைச் சொன்னால் எந்த வேலையையும் சொல்லலாம். அவர் மறுக்க முடியாது. கூலி கிடையாது, அறுவடை முடிந்ததும் களத்தில் ஒரு பங்கு நெல். அந்தப் பங்குக்குப் பழைய வழக்கில் 'சுதந்திரம்' என்று பெயர் என்பதை நம் அகராதிக்காரர்கள் சிரிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆக, 'வெட்டியான்' ஒரு தொழிற்பெயரே அல்ல. தொழிற்பெயர் என்பது ஒரு வேலையை மற்ற வேலைகளிலிருந்து பிரித்துக் காட்டுவது. பாக்கர் ரொட்டி சுடுகிறவர், அவ்வளவுதான். மதகைத் திற என்று அவரிடம் யாரும் சொல்ல முடியாது. இங்கே சொல் பிரித்துக் காட்டுவது வேலையை அல்ல, ஆளை. சாதி என்பது வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்கிறவர்களைப் பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்கி வைப்பது என்று அம்பேத்கர் 1936இல் எடுத்துக்காட்டியதை நாம் எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறோம். ஒரு மொழிப்பாடத்தின் மூன்றாவது பக்கத்தில் அது இப்படி வந்து குறுக்கே நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. அமைப்பியல் படித்த நண்பர்கள், ஒரு சொல்லுக்குப் பொருள் தருவது பக்கத்துச் சொல்லோடு அதற்குள்ள வேறுபாடுதான் என்பார்கள். சரி. ஆனால் அந்த வேறுபாடு படுக்கைவாட்டில் கிடக்கிறதா செங்குத்தாக நிற்கிறதா என்பதைச் சொசூர் சொல்லவில்லை. டச்சுத் தாள் எல்லாவற்றையும் படுக்கைவாட்டில் வைத்திருக்கிறது, ஒரே அளவு படங்களாக. பொய் அங்கேயும் இருக்கிறது. ஆனால் வேறு மாதிரியான பொய்.

அவள் கடைசியில் என்ன எழுதினாள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

*

டச்சும் செஞ்சியும் இன்றைக்குச் செல்போன் வழியாகச் சந்தித்துக்கொண்டவை அல்ல. 1608இல் டச்சுக்காரர்கள் கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் கோட்டை கட்டிக்கொள்ள அனுமதி கேட்டது செஞ்சி நாயக்கரிடம்தான். 1610இல் பழவேற்காடு, 1658இல் நாகப்பட்டினம், இடையில் பரங்கிப்பேட்டை, சதுரங்கப்பட்டினம் என்று கரை நெடுக உட்கார்ந்தார்கள். பழவேற்காட்டை ஆங்கிலேயரிடம் முழுக்க ஒப்படைத்துவிட்டுப் போனது 1825இல். இருநூறு வருஷத்துக்கு மேல் ஒருவன் நம் வாசலில் கடை போட்டிருந்தால், அவன் சொற்கள் எத்தனை நம் வீட்டுக்குள் வந்திருக்க வேண்டும்?

மொழிவரலாற்றுப் புத்தகங்களைத் திறந்தால் 'தமிழில் கலந்துள்ள பிறமொழிச் சொற்கள்' என்று ஓர் அட்டவணை இருக்கும். அரபு, பாரசீகம், உருது, போர்த்துகீசு என்று நீண்டு போகும். டச்சுக்கு வரும்போது மூச்சு வாங்கும். தமிழ்நாட்டு வழக்கில் பெரும்பாலும் இரண்டே சொல்: துட்டு, கக்கூஸ். 'டாய்ட்' என்ற செப்புக்காசு துட்டாயிற்று என்பார்கள். 'காக்ஹொய்ஸ்', அதாவது மலம் கழிக்கும் வீடு, கக்கூஸாயிற்று. இருநூறு வருஷ உறவின் மிச்சம் காசும் மலமும். ஃப்ராய்டு படித்த நண்பர்களுக்கு இதுவே போதும், மேற்கொண்டு அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஏன் இவ்வளவு குறைவு? காரணம் எளிமையானது. டச்சுக்காரன் இந்தக் கரையில் டச்சு பேசி வியாபாரம் செய்யவில்லை. அவனுக்கு முன்னால் வந்தவன் விட்டுப்போன உடைந்த போர்த்துகீசைத்தான் அவனும் பேசினான். பழவேற்காட்டில் 1632 முதல் பத்து வருஷம் பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், பிராமணர்களின் சமயம் பற்றி எழுதிய தடித்த புத்தகம் 1651இல் வெளிவந்தது. ஐரோப்பா இந்து சமயத்தைப் படித்த முதல் புத்தகங்களில் ஒன்று. அதற்கு விஷயம் கொடுத்தவர் பத்மநாபன் என்ற பிராமணர். இருவரும் பேசிக்கொண்டது போர்த்துகீசில். ஒரு டச்சுக்காரர், ஒரு பிராமணர், இருவருக்கும் சொந்தமில்லாத மூன்றாவது மொழி. இதிலிருந்து 'இந்தியாவின் இரகசியம்' வெளிச்சத்துக்கு வருகிறது! பழவேற்காட்டு நெசவாளியிடம் யாரும் கேட்கவில்லை. அதனால்தான் நம் வேலையாட்கள் பெயர் பலவும் போர்த்துகீசாக இருக்கின்றன. மேஸ்திரி, ஆயா, பாதிரி. மொழி ஆளுகிறவனிடமிருந்து மட்டும் வருவதில்லை, வேலை வாங்குகிற வாயிலிருந்து வருகிறது.

ஆனால் டச்சுக்காரன் எழுதியது டச்சில். கும்பினியின் கணக்கேடுகள் ஒரு பெரிய தொழிற்பட்டியல்தான். தன் ஆட்களை அது உதவியாளன், கணக்கன், இளநிலை வியாபாரி, வியாபாரி, மூத்த வியாபாரி என்று படிப்படியாக அடுக்கியது. 'கோப்மன்' என்ற வியாபாரிப் பட்டம்தான் அங்கே அதிகாரப் பட்டமும். சோழமண்டலக் கரையின் துணி இல்லாமல் மொலுக்கா தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க முடியாது என்பதால் நெய்கிறவர், வெளுக்கிறவர், சாயமிடுகிறவர், துணியில் சித்திரம் எழுதுகிறவர் எல்லோரும் அந்த ஏடுகளில் வருகிறார்கள், வேலையின் பெயரோடு. ஆளின் பெயரோடு வருவது தரகர்கள். செஞ்சி அரசியலிலும் டச்சு வியாபாரத்திலும் ஒருசேரக் கால் வைத்திருந்த மலையன் செட்டி, அவர் தம்பி சின்னண்ணா போன்றவர்கள். சொல் மொழிபெயர்க்க முடியாதபோது நம்முடையதையே எடுத்துக்கொண்டார்கள். கணக்கப்பிள்ளையும் தலையாரியும் பலவாறாகச் சிதைந்து டச்சு ஏடுகளுக்குள் போனார்கள். வெட்டியானை யாரும் கேட்கவில்லை. வெட்டியானிடம் வாங்குவதற்கு என்ன இருந்தது?

இருந்தது. அவனையே வாங்கலாம்.

1640களில் பீஜப்பூர், கோல்கொண்டா படைகள் இறங்கி வந்தன. நாயக்கர்கள் ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டிருந்தார்கள். செஞ்சி பீஜப்பூர் வசமாயிற்று. வயல் எரிந்தது, பஞ்சம். 1646இல் மட்டும் 2,118 பேரை டச்சுக்காரர்கள் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு ஏற்றினார்கள். பெரும்பான்மையோர் இந்தத் தென்கரைக்காரர்கள். 1659 முதல் 1661 வரை இன்னொரு அலை. நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் மற்ற இடங்களிலும் வாங்கப்பட்டவர்கள் 8,000 முதல் 10,000 பேர் என்பது ஆய்வாளர்கள் தரும் கணக்கு. பெரும்பாலோர் இலங்கைக்குப் போனார்கள். அடிமைக்கு டச்சில் 'ஸ்லாஃப்'. கரையில் தினமும் எழுதப்பட்டிருக்கக்கூடிய இந்தச் சொல் தமிழுக்குள் வரவே இல்லை. கடன் வாங்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை போலும்; நம்மிடம் ஏற்கெனவே தாராளமாக இருந்தது.

1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார். டச்சுக்காரர்கள் தங்கள் சலுகைகளைப் புதுப்பித்துக்கொள்ள ஹெர்பெர்ட் தெ யாஹெர் என்பவரை அவருடைய முகாமுக்கு அனுப்பினார்கள். கும்பினியில் நம் மொழிகளைச் சிரமப்பட்டுப் படித்த மிகச் சிலரில் ஒருவர் இந்த மனிதர். சிவாஜி கொடுத்த கவுலில் ஒரு நிபந்தனை: முன்னிருந்த ஆட்சியில் ஆணும் பெண்ணுமாக அடிமைகளை வாங்கி ஏற்றிப்போனது போல இனிமேல் இங்கே செய்யக் கூடாது, செய்தால் என் ஆட்கள் தடுப்பார்கள் என்பதாக. செஞ்சிக்காரனாக இதைப் படிக்கும்போது ஒரு நிமிஷம் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. மறைக்கவில்லை. ஆனால் சிலை வைக்கக் கிளம்ப வேண்டாம், தோழர்களே. அதே மராட்டியர் தஞ்சாவூரை ஆண்ட காலத்தில், 1694க்கும் 1696க்கும் இடையில் சோழமண்டலக் கரையிலிருந்து 3,859 பேர் அடிமைகளாக இலங்கைக்குப் போய் இறங்கியிருக்கிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ 'மராட்டியர் இராணுவ நிலப்பரப்பு' என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது செஞ்சியும் அதில் சேர்ந்தது. நாயக்கன், பீஜப்பூரான், மராட்டியன், மொகலாயன், பிரெஞ்சுக்காரன், இங்கிலீஷ்காரன் என்று மாறி மாறி இருந்துவிட்டுப் போன மலைக்கு இப்போது ஒரு ஆளின் பெயர். கல் உடைத்து மேலே ஏற்றியவனின் தொழிலுக்கு டச்சில் அழகான சொல் இருக்கிறது. அண்ணன் மகளின் தாளில் சிரித்துக்கொண்டு நிற்கிறார், கையில் உளியோடு.

*

நம் கரையில் காசும் கக்கூஸும்தான் என்றேன். அந்த அடிமைகள் போய் இறங்கிய எதிர்க்கரையில் கதை வேறு. அங்கே டச்சுக்காரன் வியாபாரியாக மட்டும் இருக்கவில்லை, ஆண்டான். யாழ்ப்பாணம் 1658 முதல் 1795 வரை அவன் கையில். ஆகவே ஈழத்தமிழில் டச்சுச் சொற்கள் அலுவலகத்துக்குள்ளும் கோர்ட்டுக்குள்ளும் உட்கார்ந்திருக்கின்றன. ஆபீசுக்குக் கந்தோர். பத்திரம் எழுதிப் பதிகிறவர் நொத்தாரிசு. வக்கீல் அப்புக்காத்து. கோர்ட் தீர்ப்பை நிறைவேற்றுகிற அதிகாரி பிஸ்கால். இவற்றில் சிலதைப் போர்த்துகீசு கணக்கில் எழுதுகிறவர்களும் உண்டு. ஆனால் அந்த 'சு'வும் 'த்து'வும் டச்சு ஈறுகள் என்றே என் காதுக்குப் படுகிறது. அங்கே தமிழன் கடன் வாங்கிய தொழிற்பெயர்கள் பலவும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் பெயர்கள். மேசைக்கு முன்னால் கைகட்டி நின்றவனுக்கு என்ன பெயர்?

அதையும் டச்சுக்காரன் எழுதி வைத்தான். 1707இல் யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் ஊர் வழக்கங்களைத் தொகுத்து எழுதியதுதான் தேசவழமைச் சட்டம். பன்னிரண்டு முதலியார்கள் படித்துப் பார்த்துச் சரியென்றார்கள். சொத்து, சீதனம், ஈடு என்றெல்லாம் பேசுகிற அந்தத் தொகுப்பில் அடிமைகள் பற்றி ஒரு பகுதி உண்டு. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று சாதிப் பெயர்களே அங்கு அடிமைகளின் வகைகளாகப் பட்டியலிடப்பட்டன. வாய்வழக்காக, இடத்துக்கு இடம் நெளிவுசுளிவோடு இருந்திருக்கக்கூடிய ஒன்று டச்சுக் காகிதத்தில் ஏறியதும் சட்டமாக இறுகியது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். தேசவழமையின் மற்ற பகுதிகளும், அதன் பக்கத்தில் ரோமன் டச்சுச் சட்டமும் இன்றும் அங்கே கோர்ட்டில் எடுத்துப் பேசப்படுகின்றன. காலனியம்தான் சாதியை உண்டாக்கியது என்று சொல்லிக் கைகழுவுகிற ஒரு மோஸ்தர் நம் பக்கங்களில் வந்து போனது. வெள்ளைக்காரன் பேனாவைப் பிடித்தான். மை யாருடையது என்று அந்தப் பன்னிரண்டு முதலியார்களைக் கேட்க வேண்டும்.

இதற்கு நடுவே ஒரு சொல், கொஞ்சம் சந்தோஷம் தருகிற சொல். இலங்கையில் தச்சரையும் கொத்தனாரையும் 'பாஸ்' என்பார்கள். சிங்களத்திலும் அப்படியே. மேசன்பாஸ் வந்தாரா என்றால் சுவர் எழுப்ப ஆள் வந்தாரா என்று பொருள். இது டச்சின் 'பாஸ்'. பட்டறையில் கைதேர்ந்த தலைமைத் தொழிலாளி. அதே சொல் நியூயார்க்கில் குடியேறிய டச்சுக்காரர்கள் வழியே அமெரிக்க ஆங்கிலத்துக்குப் போய், 'பாஸ்' என்று முதலாளியாகி, சினிமா பார்த்துச் சென்னைக்கு வந்தது. இன்னொரு கிளை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அங்கே நிறவெறிக் காலத்தில் வெள்ளையனை கறுப்பர் அழைத்தாக வேண்டிய சொல் 'பாஸ்'. ஒரே சொல் கொழும்பில் கையில் கரண்டி பிடித்திருக்கிறது, ஜோகன்னஸ்பர்க்கில் சாட்டை பிடித்திருந்தது, சென்னையில் ஏ.சி. அறையில் கால்மேல் கால் போட்டிருக்கிறது. மூலத்துக்கு மிக நெருக்கமாக இருப்பது அந்தக் கொத்தனார்தான்.

பாஸைக் கொடுத்துவிட்டு டச்சுக்காரன் நம்மிடமிருந்து எடுத்துப்போனது 'கூலி'. இதன் பிறப்பைப் பற்றி இரண்டு கட்சி உண்டு: குஜராத்தின் கோலி என்ற மக்களின் பெயர் என்பது ஒன்று, தமிழின் கூலி என்பது மற்றொன்று. இரண்டும் கலந்தது என்பாரும் உண்டு. எப்படியானாலும் தமிழ்க் காதுக்கு நடந்தது தெளிவு. தமிழில் கூலி என்பது வேலைக்குக் கொடுக்கும் காசு அல்லது தானியம்; அது ஆளுக்கு வெளியே இருக்கிறது, பேரம் பேசலாம், போதாது என்று சண்டை போடலாம். டச்சில் 'கூலி' ஆளாகிவிட்டது. 1880இல் சுமத்ராவின் டெலி புகையிலைத் தோட்டங்களுக்காக டச்சு அரசு போட்ட 'கூலிச் சட்டம்' ஒப்பந்தத்தை மீறி ஓடுகிறவனைத் தண்டிக்க வழி செய்தது. அந்தத் தோட்டங்களில் சீனர்களோடும் ஜாவாக்காரர்களோடும் தமிழர்களும் இருந்தார்கள். 1873 முதல் வட இந்தியாவிலிருந்து டச்சுச் சுரினாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வம்சத்தாரைத் திட்ட இன்றும் அந்தச் சொல்தான். கூலி என்றால் காசு என்று அவர்களிடம் யாராவது சொன்னால் நம்புவார்களா தெரியவில்லை. பிறகு அதே பொருள் ஆங்கிலம் வழியாக நமக்கே திரும்பி வந்தது. இப்போது நாமும் ஆளைத்தான் கூலி என்கிறோம்.

*

தனித்தமிழ் நண்பர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு சுலபமான வைத்தியம் இருக்கிறது: கக்கூஸை எடுத்துவிட்டுக் கழிப்பறை போடு. போட்டார்கள். நல்ல சொல்தான். அதைக் கழுவுகிறவன் மாறினானா? டச்சுக்காரனிடமிருந்து இடத்தின் பெயரை வாங்கிக்கொண்ட தமிழ் வேலையின் பெயரை வாங்கவில்லை. தோட்டி என்ற பழைய பெயர் அங்கே கொண்டுபோய் நிறுத்தப்பட்டது. புது இடம், பழைய ஆள். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்து 1993இலும் பின் 2013இலும் சட்டம் வந்தது. 2017இல் திவ்யபாரதி எடுத்த ஆவணப்படத்துக்கு 'கக்கூஸ்' என்று பெயர் வைத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. 'கழிப்பறை' என்று வைத்திருந்தால் அந்த நாற்றம் வந்திருக்காது. 2020இல் தமிழக அரசு துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றியது. 2025 ஆகஸ்டில் சென்னையின் இரண்டு மண்டலங்களில் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தவர்கள், பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில் போலீசால் அள்ளிக்கொண்டுபோகப்பட்டபோது, 'தூய்மை' என்ற சொல் அவர்களோடு வண்டியில் ஏறியதாகத் தெரியவில்லை.

டச்சின் 'ஸ்ஹோன்மாக்கர்' என்ற சொல்லைப் பிரித்தால் சுத்தமாக்குபவர். 'ஸ்ஹோன்' பழைய வழக்கில் அழகையும் குறிக்கும். எவ்வளவு அழகான சொல் என்று மயங்கிவிடக் கூடாது. ஆம்ஸ்டர்டாமில் இரவு ஆபீஸ் கூட்டுகிறவர்களில் மொராக்கோக்காரரும் துருக்கிக்காரரும் சுரினாம்காரரும் எத்தனை பேர் என்று அந்தத் தாளின் படம் சொல்லாது. நான் சொன்ன வேறு மாதிரியான பொய் இதுதான். நம் சொல் ஆளைக் கட்டிப்போடுகிறது. அவர்கள் சொல் ஆளைக் காணாமல் போக்குகிறது.

பெயர்களில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 1811இல் நெப்போலியன் ஆட்சி நெதர்லாந்தில் எல்லோரும் குடும்பப் பெயரைப் பதிய வேண்டுமென்றது. அதற்கு முன்பும் பின்பும் அங்கே தொழில்கள் குடும்பப் பெயர்களாக உறைந்தன: பாக்கர், ஸ்மித், விஸ்ஸர், முல்டர். ரொட்டி சுடுபவர், கொல்லர், மீன் பிடிப்பவர், மாவு அரைப்பவர். இன்று பாக்கர் என்ற பெயருள்ளவர் பாங்கில் இருப்பார், விஸ்ஸருக்கு நீச்சல் தெரியாது, யாரும் கேட்பதில்லை. பெயர் ஒட்டிக்கொண்டது, வேலை உதிர்ந்துவிட்டது. இங்கே நேர் எதிர். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது, தமிழ்நாடு ஓரளவு துறந்தும் காட்டியது. இந்தியாவில் வேறெங்கும் இந்த அளவு நடக்காத காரியம், குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நாம் உதிர்த்தது பெயரை. வேலை ஒட்டிக்கொண்டே இருந்தது. 1953இல் பள்ளிப் பிள்ளைகள் அரை நாள் படித்துவிட்டு மீதி நேரம் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்று ராஜாஜி திட்டம் கொண்டுவந்தபோது அந்த ஒட்டலைப் பாடத்திட்டமாக்கப் பார்த்தார்கள். குலக்கல்வி என்று பெயர் சூட்டி எதிர்த்தார்கள், 1954இல் அது போயிற்று. என் அப்பா அப்போது சின்னப் பையன். திட்டம் நின்றிருந்தால் மத்தியானத்துக்கு மேல் அவருக்குக் குழி வெட்டும் பாடம்.

மூன்றாவதாக ஒரு பெயர் வகையும் உண்டு. இந்தக் கரையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் கேப் குடியேற்றத்துக்குப் போன அடிமைகளின் சொந்தப் பெயர்கள் உதிர்க்கப்பட்டு, ஏதோ ஒரு பெயருக்குப் பின்னால் 'வான் கோரமாண்டல்' என்று எழுதப்பட்டது. சோழமண்டலத்திலிருந்து வந்த இன்னான். ஊர்ப்பெயர் டச்சுக்காரர்களுக்கும் உண்டுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போகலாம். நெய்தவனோ உழுதவனோ வெட்டியானோ, கப்பல் ஏறியதும் எல்லோரும் ஒரு கரையின் பெயராகிப்போனார்கள். சாதியின் பெயரிலிருந்து விடுபட ஒருவனுக்கு அன்றைக்கிருந்த வழிகளில் இதுவும் ஒன்று என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

*

அண்ணன் மகள் அன்றைக்குத் தாத்தாவுக்கு எழுதியது 'அம்ப்தெனார்'. அகராதியில் பார்த்தேன். அரசு அலுவலர்.

'என்னடி இது?' என்றேன்.

'ஏன், ரெவின்யூல சம்பளம் வாங்கலயா தாத்தா? எவ்ளோவா இருந்தா என்ன? தாசில்தாரும் அங்கதான் வாங்குனாரு.'

நான் ஒன்றும் சொல்லவில்லை. பொய்யென்று சொல்லலாமா? பிணம் எரித்த கையை மறைத்துவிட்டாள் என்று சொல்லலாம். நம் கூட்டங்களில் அப்படிச் சொல்லி விமர்சிக்கிறவர்களை எனக்குத் தெரியும், நானே சொல்லியிருக்கிறேன். அடையாளத்தை மறைக்காதே, உரக்கச் சொல் என்று. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு மொழிப்பாடம். பதிலுக்கு அது ஒரே சொல்லைத்தான் ஏற்கும், அந்தச் சொல் தன் பட்டியலுக்குள் இருக்க வேண்டும். பட்டியலில் வெட்டியான் இல்லை. இல்லாத சொல்லைக் கொண்டுபோய் வைத்து, ஆன்லைனில் பாடம் எடுக்கிற அந்த வெள்ளைக்கார அம்மாவுக்கு இருபது நிமிஷம் விளக்கி, அவர் ஐயோ பாவம் என்று தலையைச் சாய்த்துப் பார்ப்பதை வாங்கிக்கொள்வதா, அல்லது இருக்கிற சொற்களிலேயே உயரமானதை எடுத்துத் தாத்தாவுக்குச் சூட்டுவதா? அவள் எடுத்தது இரண்டாவது. முதலாவதைச் செய்ய டச்சில் கட்டுரை எழுதத் தெரிய வேண்டும், இன்னும் அந்தப் பாடம் வரவில்லை.

அம்மணி திருத்தி அனுப்பிய தாளில் 'அம்ப்தெனார்' பக்கத்தில் சரி போட்டு, எந்த அலுவலகத்தில் என்று கேட்டிருந்தார். இவள் நீர்ப்பாசனம், பொதுச் சுகாதாரம், அறிவிப்பு என்று மூன்று துறைகளை எழுதி அனுப்பினாள். உங்கள் தாத்தா மிக முக்கியமான மனிதராக இருந்திருக்கிறார் என்று பதில் வந்தது.

டச்சில் தொழிலைச் சொல்லும்போது 'ஒரு' போட வேண்டியதில்லையாம். நான் ஆசிரியர், நான் நர்ஸ், அவ்வளவுதான், தமிழ் மாதிரியே. அது அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நர்ஸுக்குத் தனிச் சொல் இருந்தாலும் அங்கேயும் ஆஸ்பத்திரியில் 'சிஸ்டர்' என்கிற பொருளில் கூப்பிடும் வழக்கம் உண்டு என்று அம்மணி சொன்னதும் பிடித்தது. பிணத்தைக் குளிப்பாட்டி, துணி சுற்றி, கட்டைவிரலைக் கட்டி அனுப்புவதும் நர்ஸ் வேலையில் சேர்ந்ததுதான் என்பதை அவள் சொல்லி எனக்குத் தெரியும். அதைப் பற்றி நாங்கள் மேற்கொண்டு பேசியதில்லை.

நேற்று நான்காவது பாடம், வீட்டுச் சாமான்கள். மாடியிலிருந்து கத்தினாள்.

'சித்தப்பா, இங்க வந்து பாரு. காஸ்ட்-னா டச்சுல அலமாரியாம்.'